உறையைப் பிரிக்கலாமா?

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக வந்த 1000 ரூபாய் வெள்ளி நாணயம் வைத்திருக்கிறேன். உறையைப் பிரித்துக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை. பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தக் கோயில் ஆயிரம் வருட வெயிலையும் மழையையும் தாங்கிவிட்டது. இந்த நாணயமோ உங்கள் விரல் வியர்வையைக்கூடத் தாங்காது! அதிலும் 'புரூஃப்' வகை என்றால், மெருகேற்றிய அச்சில் அடித்த கண்ணாடிப் பரப்பு அது. வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் ரேகை அப்படியே பதிந்து கறுக்கும். நாணயச் சேகரிப்பாளர்கள் நாணயத்தோடு உறைக்கும் சேர்த்துத்தான் விலை தருவார்கள். அதனால் உறைக்குள்ளேயே தரிசியுங்கள், ஒரு பூதக்கண்ணாடி போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய நாணயங்களை மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டு வைத்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாள்பட நாள்பட அமிலம் கக்கும். நாணயத்தில் பச்சைப் பிசுக்கு ஏறும். பருத்திக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, கெட்டியான வட்டப் பெட்டிக்கு மாற்றுங்கள். பளபளப்புக்காகப் புளி, விபூதி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து!