மொட்டை மாடியில் ஒரு மூக்கு

கேள்வி: மாடிக் குளியலறையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால், கீழ்வீட்டுக் குளியலறைத் துவாரம் 'களக் களக்' என்று பேசுகிறது, பிறகு நாறவும் செய்கிறது. பிளம்பரோ மொட்டை மாடிக்கு மேல் ஒரு குழாய் நிறுத்தச் சொல்கிறார். கீழே போகிற தண்ணீருக்கு மேலே என்ன வேலை? (ஒரு வாசகர், பீளமேடு)

பதில்: வேலை தண்ணீருக்கில்லை, காற்றுக்கு. 1775-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகார வினைஞர் கழிப்பறைக் குழாயை வளைத்து, அதில் எப்போதும் சிறிது ஜலம் தங்கும்படி செய்தாரே, அந்த யுக்தியின் சந்ததியான 'டிராப்'தான் உங்கள் வீட்டிலும் சாக்கடை வாயுவை மறித்து நிற்கிறது. மாடியிலிருந்து குழாய் நிறைய இறங்கும் பிரவாகம் தன் பின்னே வெற்றிடத்தை உண்டாக்க, அதை நிரப்ப வேறு மார்க்கம் காணாத காற்று, அந்த இரண்டங்குல ஜலத்தையும் இழுத்துக்கொண்டு பாய்கிறது. நீங்கள் கேட்ட பேச்சு, சிறுவாணித் தீர்த்தமேயாயினும் காவலை விட்டு ஓடுகிற சப்தம். கூரைக்கு மேல் திறந்த குழாய் இருந்தால் காற்று கௌரவமாக அவ்வழியே வந்துபோகும். மழை விழுமென்று அதற்கு மூடி போடும் புத்திசாலிகளும் நம் ஊரில் உண்டு. நீங்கள் கொசுவலை மட்டும் கட்டுங்கள். அதன் வாயை அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிடாதீர்கள்; 'வாங்க, உட்காருங்க' என்று உபசரிக்கும் கொங்கு நாட்டாருக்கும் அப்படியொரு விருந்தாளியை வரவேற்கச் சற்றுச் சிரமமாயிருக்கும்.