அவன் என்னத்தக் கிழிச்சான்?

இரவிபுத்தன்துறையில் மைக்கேல் சூசைராஜ் என்று உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'இப்பம் எப்பிடி விளையாடுகான்?' என்று கூடவே ஒரு கேள்வியைப் போட்டால் நாற்பது பேர் கூடிவிடுவார்கள். அந்த நாற்பதில் முப்பத்தைந்து பேர் முழு ஆட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். தீர்ப்புச் சொல்ல அது ஒரு தடையா என்ன? கோல் விழுந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டிய ஏழு நிமிடத் துண்டைக் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். அந்தத் துண்டில் சூசைராஜ் இல்லை. ஆகவே சூசைராஜ் விளையாடவில்லை. வழக்கு முடிந்தது, சாயாவுக்குக் காசை வை.

குமரிக் கடற்கரையில் எரையுமன்துறையில் தொடங்கி நீரோடியில் முடிகிற எட்டு ஊர்களில் இரவிபுத்தன்துறையும் ஒன்று. அந்த எட்டு ஊர்களுக்கு வெளியூர்க்காரன் யாரும் வந்து கால்பந்தைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. கடலுக்குப் போனால் சுறா, கரைக்கு வந்தால் பந்து. மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்குப் புல்தரை ஒரு பொருட்டே அல்ல. அந்த மணலிலிருந்து போன சூசைராஜ்தான் சென்னை சிட்டி எஃப்சியில் பந்தோடு பறந்து பேர் வாங்கினார். 2018-இல் ஜாம்ஷெட்பூர் கூப்பிட்டது; 2019-இல் கொல்கத்தாவின் ஏடிகே. அதுவரைக்கும் எல்லாம் சுபம். பந்து காலில் இருந்தது, ஆட்களை வெட்டி வெட்டி ஓடினார், ஊரில் விசில் பறந்தது.

பிறகு ஏடிகேயில் ஆன்டோனியோ ஹபாஸ் என்கிற ஸ்பானியக் கோச் அவரை இடது விங்-பேக்காக நிறுத்தினார். பின்னே மூன்று பேர், நடுவே ஐந்து, முன்னே இரண்டு என்பது அந்த அணியின் அடுக்கு. அந்த ஐந்து பேரில் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் பாடு சொல்லி மாளாது. எதிரி பந்தோடு வந்தால் தன் கோல் வரைக்கும் பின்னுக்கு ஓட வேண்டும்; பந்து நம்மிடம் வந்தால் அதே ஆள், மூச்சு வாங்காமல், எதிர்க் கோடி வரைக்கும் முன்னுக்கு. சம்பளம் ஒன்று, வேலை இரண்டு. 2020 மார்ச் 14 அன்று கோவாவில் சென்னையின் எஃப்சியை 3–1 என்று வீழ்த்தி ஏடிகே ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியதே, அது இந்த அடுக்கில் ஆடிய சீசனின் முடிவில்தான். நம் சாயாக்கடைப் பெஞ்சுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? பெஞ்சில் பேச்சு இப்படித்தான் போகும்:

"லேய் மக்கா, ஜாம்ஷெட்பூர்ல என்னா ஆட்டம் ஆடுனான். இப்பம் பின்னால போய் நிக்கான். தீந்தான்."

"கோச்சு அங்க நிப்பாட்டியிருக்காருடே."

"ஆளு சரியில்லேன்னுதான அங்க நிப்பாட்டுவாவ?"

"அந்தப் பக்கமா எத்தன கோலு வாங்குனாவ, அதச் சொல்லு."

"வாங்காததுக்கெல்லாம் கணக்கு வைக்க முடியுமாலே? போட்டது எத்தன? அதச் சொல்லு. அவன் என்னத்தக் கிழிச்சான்?"

இந்தக் கடைசி வாசகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இந்தியாவில் உள்ள எல்லா விளையாட்டுச் சங்க அலுவலகங்களிலும், வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு நேர் மேலே, மாட்டலாம்.

வாங்காத கோல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். எதிரணி விங்கர் ஓரத்தில் பந்தை வாங்கித் திரும்புகிறான். விங்-பேக் பாய்வதில்லை. பாய்ந்தால் போச்சு. உடம்பை அரைவாசி திருப்பி, முட்டியை மடக்கி, இரண்டு கை தூரம் விட்டு, குறுகிய காலடி வைத்துப் பின்னுக்கு நகர்கிறான். கண் எதிரியின் முகத்தில் இல்லை, பந்தில். விங்கர் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக் காட்டுகிறான், இவன் ஏமாறவில்லை. கோட்டோரம் ஓட இடமில்லை. உள்ளே வெட்டினால் அங்கே நடுக்களத்துக்காரன் காத்திருக்கிறான். மூன்று நொடி. விங்கர் சலித்துப்போய்ப் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிடுகிறான். அவ்வளவுதான். பல வருட உழைப்பு அந்த மூன்று நொடிக்குள் வந்துபோய்விட்டது. டிவி கேமரா அதற்குள் கோச்சின் முகத்தைக் காட்டப் போயாயிற்று. பெஞ்சில் ஒருத்தன் பழம்பொரியைத் தாளில் வைத்து எண்ணெய் பிழிகிறான். புள்ளிவிவரத் தாளில் 'டேக்கிள்' என்ற பத்தியில்கூட இது ஏறாது; காலால் பந்தைத் தொடவே இல்லையே!

கால்பந்து ரசிகன்தான் இப்படி என்று நினைத்து கிரிக்கெட் ரசிகர்கள் நிம்மதி அடைய வேண்டாம். 2021 ஜனவரி 11, சிட்னி, டெஸ்டின் கடைசி நாள். தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரியும், முதுகை வளைக்க முடியாத நம்ம அஸ்வினும் 259 பந்துகளைத் தாங்கி நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23. அஸ்வின் 128 பந்தில் 39. ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் ஓய்ந்துபோனார்கள், ஆட்டம் டிரா. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அன்றைய மத்திய இணை அமைச்சர் பாபுல் சுப்ரியோ, 109 பந்தில் 7 ரன் எடுத்த விஹாரி கிரிக்கெட்டையே கொலை செய்துவிட்டார் என்று ட்விட்டரில் எழுதினார். தனக்குக் கிரிக்கெட் ஒன்றும் தெரியாது என்பதையும் அதிலேயே எழுதிவைத்தார். நேர்மையான மனிதர். விஹாரியின் பெயரையும் 'பிஹாரி' என்று எழுதியிருந்தார். விஹாரி அதற்கு வாதம் எதுவும் செய்யவில்லை. தன் பெயரைத் திருத்தி மட்டும் பதில் போட்டார். எட்டு நாள் கழித்துப் பிரிஸ்பேனில் இந்தியா ஜெயித்துத் தொடரை 2–1 என்று வென்றது. சிட்னியில் அந்த இருவரும் நிற்காமல் போயிருந்தால் அது 2–2. இந்தக் கழித்தலைச் செய்ய ஐந்தாம் வகுப்புப் போதும். ஆனால் நாட்டுக்கு ஞாபகம் இருப்பது பிரிஸ்பேன் மட்டும்தான்.

கபடியில் இன்னும் வேடிக்கை. புரோ கபடியில் ரெய்டு போய்ப் பத்துப் புள்ளி எடுத்தால் 'சூப்பர் டென்'. பிடித்து ஐந்து புள்ளி எடுத்தால் 'ஹை ஃபைவ்'. பிடிப்பது அத்தனை கஷ்டம் என்று லீக்கே ஒப்புக்கொண்டு வைத்த அளவு அது. தமிழ் தலைவாஸ் ரசிகப் பெருமகனோ, பத்து பெரிசா அஞ்சு பெரிசா என்று கேட்கிறான். அமெரிக்கக் கூடைப்பந்தில் மார்கஸ் ஸ்மார்ட் என்று ஒரு கார்டு இருக்கிறார். 2022-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். கார்டு இடத்தில் ஆடும் ஒருவருக்கு அது கிடைத்தது 1996-க்குப் பிறகு அப்போதுதான். அடுத்த வருடமே பாஸ்டன் அவரைப் பொட்டலம் கட்டி மெம்ஃபிஸுக்கு அனுப்பிவிட்டது. ஆக, நன்றிகெட்டதனத்தில் உலகம் முழுவதும் ஒரே சாதி.

இதற்கெல்லாம் சிகரம் 2024 அக்டோபர் 28, பாரிஸ். தங்கப் பந்து விருதை மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்குக் கொடுத்தார்கள். பின்வரிசைக்கு முன்னால் நின்று ஓட்டையை அடைப்பதுதான் ரோட்ரியின் முதல் தொழில். தங்கள் வினிசியஸுக்கு இல்லை என்று தெரிந்ததும் ரியால் மாட்ரிட் பரிவாரம் விமானமே ஏறவில்லை. உலகத்தின் மிகப் பெரிய கிளப், கல்யாண வீட்டில் முதல் பந்தி கிடைக்காத மாமனைப் போல வீட்டிலேயே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ரோட்ரி முழங்கால் தசைநார் அறுந்து படுத்திருந்தார். தொடர்ந்து நான்கு வருடம் லீக்கை வென்ற சிட்டி, அவர் இல்லாமல் அந்த இலையுதிர் காலத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. கோல் போடுகிற ஹாலண்ட் அங்கேயேதான் இருந்தார். கேட்க வேண்டியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சூசைராஜுக்கும் முழங்கால்தான். 2020 நவம்பர் 20, கோவாவின் பாம்போலிம் மைதானம், சீசனின் முதல் ஆட்டம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். கொரோனா காலம், அரங்கில் ஆள் இல்லை. கால் மணி நேரம் ஆவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் அதோடு போயிற்று. முழங்கால் போன ஓட்டக்காரன் திரும்ப எழுந்து வருவதற்குள் என்னென்ன பட வேண்டியிருக்கும் என்று பெஞ்சு யோசித்திருக்குமா? திரும்பி வந்ததும் பெஞ்சு கேட்ட முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழைய வேகம் இல்லையாம். கொழுப்பு எடுத்துவிட்டதாம். பணம் வந்ததும் ஊரை மறந்துவிட்டானாம். காலையில் பால் வாங்கப் பைக்கில் போய்ப் பைக்கில் திரும்புகிற தேகங்கள் எல்லாம் உட்கார்ந்துகொண்டு, தொண்ணூறு நிமிடம் ஓடுகிறவனின் மூச்சை எடைபோடுகின்றன. தூ!

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. இதே கடற்கரை, தடுப்பது என்றால் என்ன என்று தெரியாத கடற்கரை அல்ல. 2016-இல் இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்று மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊராக நின்றார்கள். திட்டத்தைத் தூக்கிக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் நின்றார்கள். துறைமுகம் வரவில்லை. 2024-இல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் அள்ளத் திட்டம் வந்தது. அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பில் தள்ளிப்போயிற்று. இந்த ஆட்டங்களில் நம் ஆட்கள் ஒரு கோலும் போடவில்லை. வந்ததை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். உடனே நாகர்கோவிலில் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர்கள் சிலர் கேட்டார்கள்: வளர்ச்சியைத் தடுத்தீர்களே, வேறு என்னத்தக் கிழித்தீர்கள்? அந்தக் கேள்வி கடற்கரைக்காரனுக்குச் சுட்டது, சுடத்தான் செய்யும். சுட்ட அதே நாக்கு, சாயங்காலம் சாயாக்கடையில் சூசைராஜிடம் அதே கேள்வியை ஒரு எழுத்து மாறாமல் கேட்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல?

சரி, யாருடைய ஃபார்ம் பற்றிப் பேசியிருக்க வேண்டும்? இந்தியக் கால்பந்துக்கென்று ஒரு காவல்காரர் இருக்கிறார்: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். அவருடைய சமீபத்திய ஆட்டத்தைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இவரையே மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியது. பத்து நாள் கெஞ்சி உள்ளே வந்தார். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் லீக்கை நடத்தும் கம்பெனி, ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுசு எங்கே என்று கேட்டு சீசனையே நிறுத்திவைத்தது. முடியும் தேதி பதினைந்து வருடங்களாக ஒப்பந்தத்தில் அச்சடித்துக் கிடந்தது. காவல்காரருக்கு வாசிக்க நேரமில்லை. கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின, சில இடங்களில் சம்பளம் நின்றது. அக்டோபரில் இந்திய அணி சிங்கப்பூரிடம் தோற்றதில் 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்புப் போயிற்று. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0–1. அவர்களிடம் இருபது வருடங்களுக்கு மேலாகத் தோற்காத அணி இது. ஒரு விங்-பேக் இத்தனை கோல் விட்டிருந்தால் ஊருக்குள் நுழைய முடியுமா? இவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் புதுக் கோட்டு தைக்கிறார்கள்.

லீக் இல்லாத அந்த டிசம்பரில் என்ன நடந்தது? மெஸ்ஸி வந்தார், ஆடுவதற்கு அல்ல, காட்சி தருவதற்கு. கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்தது மெஸ்ஸியைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகுகளை. அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார், நாற்காலிகள் பறந்தன, மாநில விளையாட்டு அமைச்சர் பொறுப்பை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், அர்ஜென்டினா அணியே நவம்பரில் வந்து இறங்கும் என்றார்கள், வரவில்லை. வரும் வரும் என்று சொன்ன அமைச்சரைப் பற்றி நம் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு ஒரு கருத்தும் கிடையாது. 'எப்பம் வருவாவ?' என்பது மட்டுமே கவலை.

அதே நவம்பரில்தான் சம்மேளனம், லீக்கை நடத்த ஆள் வேண்டும் என்று விட்ட டெண்டருக்குக் கடைசித் தேதி முடிந்தது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒரு கம்பெனிகூட, ஒரே ஒரு கம்பெனிகூட, விண்ணப்பம் போடவில்லை. பெட்டி காலி. அந்த வாரம் பெஞ்சில் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? சூசைராஜுக்கு வயசு முப்பதா, முப்பத்தொண்ணா என்று சண்டை. முப்பத்தொண்ணு என்று ஒருத்தன் ஞானஸ்நானத் தேதியோடு நிரூபித்தான். அப்பம் தீந்தான் என்று முடிவாயிற்று.