செப்புப் பலகையில் சம்பளம் வாங்குவது எப்படி?

பதினேழாம் நூற்றாண்டு ஸ்டாக்ஹோமில் வேலை கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். இடுப்பு வலி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், கூடுதல் சம்பளம் கேட்காதீர்கள்.

1644-ல் ஸ்வீடனின் கிறிஸ்டினா அரசியார் காலத்தில் அவெஸ்தா நாணயச்சாலை வெளியிட்ட பத்து தாலர் நாணயம் ஒரு முழுச் செப்புப் பலகை. எடை 19 கிலோவுக்கும் மேல். வட்டமாக இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூலையை வெட்டித் தேற்றுகிற ஆசாமி எந்த ஊரிலும் உண்டு.

கைமாற்று கொடுப்பவர்கள் ஐம்பது தாலரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடன்காரர் நாணயஸ்தராக இருந்து, சொன்ன நாளில் ஐந்து பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினால், உங்கள் வீட்டுத் தரை கிட்டத்தட்ட நூறு கிலோ தாங்க வேண்டும்.

ஏன் இந்த வம்பு என்று கேட்கக் கூடாது. வெள்ளி பற்றாக்குறை; ஃபாலுன் சுரங்கத்திலோ செம்பு கொட்டிக் கிடக்கிறது. கொஞ்சத்தை உள்ளூரிலேயே பணமாக முடக்கினால் வெளிச்சந்தையில் செம்பு விலை இறங்காது என்பது அரசின் கணக்கு. சுமக்கப்போவது அரசு இல்லையே. ஆனாலும் பத்து தாலர் பலகையை மறு வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த எட்டு தாலர் பலகை வெறும் 14 கிலோ சொச்சம்தான்.

தூக்க முடியாதவர்கள் பால்ம்ஸ்ட்ரக் என்பவரின் வங்கியில் போட்டு வைக்கலாம். ஆனால் போட்டதைத் திரும்பக் கேட்கும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 1660-ல் அரசு பலகையின் எடையைக் குறைத்தது; மதிப்பு அதேதான். பழைய கனத்த பலகையே வேண்டும் என்று ஊரே வங்கி வாசலில் திரண்டது. பால்ம்ஸ்ட்ரக் சளைக்காமல் 1661-ல் காகிதத்தை நீட்டினார். ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான். மடித்து வைக்கலாம், மாடிப்படி ஏறலாம், இடுப்புக்கும் சுகம். அச்சடிப்பதும் அதே அளவு சுலபம் என்பதால் இஷ்டத்துக்கு அடித்தார்; சில ஆண்டுகளில் வங்கி படுத்தது. 1668-ல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். எனவே நோட்டு வாங்கினால் அன்றே செலவழிக்கவும்.

பலகைகளைப் பேரப்பிள்ளைகளுக்கு என்று சேர்த்து வைப்பவர்கள் 1776-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் குஸ்தாவ் மன்னரின் சீர்திருத்தத்தோடு அவற்றின் காலம் முடிகிறது. பிறகு எடைக்குப் போட வேண்டியதுதான். இந்தியாவுக்குச் சரக்கேற்றும் டேனிஷ் வியாபாரிகள் வாங்கிக்கொள்வார்கள். விற்றவுடன் காசை எண்ணி வாங்கிவிடுங்கள், சரக்கு போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள். பலகைகளோடு தரங்கம்பாடிக்குக் கிளம்பிய 'நிக்கோபார்' கப்பல் 1783-ல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் மூழ்கிவிட்டது. பலகைகள் மேலே வந்தது 1980-களில்.