61 மில்லி சொகுசு

அனுப்புநர்:
காற்றாலைப் பராமரிப்புத் தொழிலாளி (சொந்தமாகக் காற்றாலை கிடையாது),
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாட்சிமை தங்கிய ஜிஎஸ்டி கவுன்சிலார் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: இருக்கிற பைக்கைச் செப்பனிடுவதா, புதிது வாங்குவதா என்ற குடும்ப வழக்கு - தீர்த்துவைக்க வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: 1. தங்களது 56-ஆவது கூட்ட முடிவு, நாள் 03.09.2025.
2. என் வீட்டம்மாவின் வாய்மொழி உத்தரவு, நாள்தோறும்.

பெருமதிப்பிற்குரியீர்,

நான் முப்பந்தல் பக்கம் காத்தாடிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். காகிதத்தில் காற்றாலை என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் அது காத்தாடிதான். (இங்கே காற்றாடிமலை என்றே ஒரு மலை உண்டு. இந்த இரும்பு இறக்கைகள் வந்ததால் அமைந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 1752-ல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றது அந்த மலையில்தான்.) ஒரு காத்தாடியிலிருந்து அடுத்த காத்தாடிக்குப் போகிற தடத்தை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும். சரளைக் கல், உடைமுள், மழை பெய்தால் செங்கல் சூளைக்காரர்கள் ஆசைப்படுகிற மாதிரியான களிமண். அதைத் தாண்டி நாற்கரச் சாலை, லாரிகள், ஆடிக் காற்று. இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும்.

அப்படி என்னிடம் இருப்பது 2020 மாடல் ஹிமாலயன், இரண்டாம் கையாக வாங்கியது. 411 சிசி, 199 கிலோ, முன்சக்கரம் 21 அங்குலம். தார் தீர்ந்த இடத்திலும் நிற்காமல் போகும். கழுவாமல் விட்டால் அதன் நிறம் என்ன என்பது ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை வருசம் சரளையில் உருண்டதில் கோன் செட், செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், முன் ஃபோர்க்கின் ஆயில் சீல், இரண்டு டயர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வு கேட்கின்றன. மெக்கானிக் தம்பி பேப்பரில் கணக்குப் போட்டு முப்பத்துநாலாயிரம் என்று நீட்டினான். நீட்டிய கையோடு, "இத வித்துப்போட்டுப் புதுசு எடுங்க அண்ணாச்சி" என்றான். இங்கேதான் தங்கள் உதவி தேவைப்படுகிறது.

411-ஐக் கம்பெனி 2023-லேயே நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் வந்தது 452 சிசி. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளை 31 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு உயர்த்தி வைத்தீர்கள். நவராத்திரி முதல் நாள்! ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைக்கிற ஜாதி நாங்கள், நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறீர்கள். அந்த 40 சதவீதப் பந்தியில் பக்கத்து இலைகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். உல்லாசப் படகு, சொந்த உபயோகத்துக்கான விமானம், கைத்துப்பாக்கி. இவ்வளவு பெரிய இடத்தில் என் வண்டிக்குச் சம்பந்தம் அமையும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் சொன்னேன். "கேட்டியளா, நா எட்டு வருசமா பொறத்த இருந்து வாறேன், என் இடுப்பு ஒரு நாளாவது சொகுசுன்னு சொன்னதுண்டா?" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஓடிய எல்லா வண்டிகளையும் சேர்த்த கணக்கு அது.

சிசி என்றால் என்ன? மில்லி லிட்டர்தான். 411-லிருந்து 350-ஐக் கழித்தால் 61. மருந்துக்கடையில் இருமலுக்குக் கொடுக்கிற சின்னக் குப்பி 60 மில்லி. ஆக, நான் சாமானியன் என்பதற்கும் உல்லாசப் படகுக்காரன் என்பதற்கும் நடுவே ஒரு குப்பி இருமல் மருந்தும் ஒரு சொட்டும் இருக்கிறது. அந்தச் சொட்டு எனக்கு எப்படி வந்தது என்று விசாரணை வைத்தாலும் ஒத்துழைக்கத் தயார்.

சரி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவோம் என்று பார்த்தால் எக்ஸ்பல்ஸ் 210 இருக்கிறது. அதுவும் காடும் ரோடும் பார்க்கிற வண்டி, அதற்கும் முன்சக்கரம் 21 அங்குலம், வரி 18 சதவீதம். பவரைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் பழைய 411-க்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே 24 குதிரை. அதே 24 குதிரை ஒரு லாயத்தில் அவசியம், இன்னொரு லாயத்தில் ஆடம்பரம். வித்தியாசம் இழுவையில். என் வண்டி 4000 சுற்றுச் சில்லறையிலேயே 32 நியூட்டன் மீட்டர் இழுக்கும். அது 7000 சுற்றைத் தாண்டி முறுக்கினால்தான் தன்னிடமுள்ள 20 சில்லறையைத் தரும். கருவிப் பையும் கயிறும் கட்டிக்கொண்டு சரளை மேட்டில் ஏறுகிறவனுக்கு இந்தக் கணக்கு முழங்காலில் தெரியும்.

அதோடு எடை. சின்னது 170 கிலோவுக்குள், என்னுடையது 199. ஊரெல்லாம் எடை குறைந்த வண்டிதான் காட்டுக்கு நல்லது என்பார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் லாரியை முந்திப் பார்த்தவர்கள் இல்லை. லாரியின் மறைவில் போகும்போது எல்லாம் அமைதியாக இருக்கும். அதன் மூக்கைத் தாண்டிய நொடி, பக்கவாட்டில் ஒரு எருமை வந்து முட்டின மாதிரி அடிக்கும். நேராகப் போகவேண்டுமென்றால் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த 30 கிலோ எனக்குப் பாரமாகத் தெரியாது, குலதெய்வமாகத் தெரியும். முப்பந்தல் இசக்கியம்மனுக்கு அடுத்தபடி நான் கும்பிடுவது அதைத்தான்.

இதில் இன்னொரு கூத்து. அதே 56-ஆவது கூட்டத்தில்தான் காற்றாலைக் கருவிகளின் வரியை 12-லிருந்து 5 ஆக்கினீர்கள். வரவேற்கிறேன், என் சோறு அதில்தான். ஆனால் காத்தாடிக்கு 5, அந்தக் காத்தாடி நின்றுபோனால் அதை ஓட்டிவிட ஓடுகிறவனின் வண்டிக்கு 40 என்று ஆகிவிட்டது. பாட்டிலில் வாயு அடைத்த கலருக்கும் 40தானாம். காற்று சும்மா சுற்றினால் 5, அடைத்து வைத்தால் 40, எதிர்த்துப் போனாலும் 40. கொள்கையில் ஒரு தெளிவு இருக்கத்தான் செய்கிறது.

இந்த 40 யாருக்காக என்று எனக்கும் புரியாமலில்லை. சனிக்கிழமை காலையில் முதுகில் கேமராவோடு கிளம்பி, எங்கள் காத்தாடிகளைப் பின்னால் வைத்துப் படமெடுத்து, மத்தியானம் நாகர்கோவிலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பண்ணையாரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஏறி வந்தால் தெருவே எழுந்து நிற்கும், அந்த புல்லட்? இன்றைக்கும் 195 கிலோ. எஞ்சின் 349 சிசி. உங்கள் கோட்டுக்கு ஒரு சிசி உள்ளே, 18 சதவீதத்தில், சாமானியர் வரிசையில் நிற்கிறது. பன்னுக்கு ஒரு வரி, க்ரீமுக்கு ஒரு வரி என்று கோயம்புத்தூர்க்காரர்கள் புலம்பியபோது நான் சிரித்தவன். அதற்கு இப்போது வருந்துகிறேன்.

கோடுகள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர்க்காரர்கள் மலைக்கு மலை கோட்டைச் சுவர் இழுத்து இந்தக் கணவாயை அடைத்தார்கள். 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இரவோடு இரவாக ஏறி அதைப் பிடித்தது. பிறகு நெடுங்காலம் இது ஒரு சமஸ்தானத்தின் வாசற்படி. 1956 நவம்பர் முதல் தேதி அந்த எல்லையும் போயிற்று. அந்தக் கோடுகளையெல்லாம் இழுத்தவர்கள் குறைந்தபட்சம் இடத்தை வந்து பார்த்தார்கள்.

எஞ்சினில் 61 மில்லியைக் குறைத்து நானும் 350-க்குள் அடங்கிவிடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லுமுன் சட்டம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்தவர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்திருக்கிறது. ஆகவே தம்பி ஆசைகாட்டிய உறுமுகிற சைலன்ஸரும் வேண்டாம் என்றாயிற்று. ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும், அதாவது நம்மைப் போல.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உதிரி பாகங்களையும் டயரையும் 28-லிருந்து 18-க்கு இறக்கியது தாங்கள்தான். என் வழக்கில் தாங்கள் அறியாமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். புதிது வாங்கினால் படகுக்காரன், பழையதைப் பிரித்து மாட்டினால் சாமானியன். சாமானியனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நேற்று வண்டியைப் பிரித்துப் போட்டாயிற்று. கோன் செட் வந்துவிட்டது, டயர் வெள்ளிக்கிழமை வரும். வீட்டு உத்தரவும் இதற்கு இசைவாகவே இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்துக்கு முன் தங்களில் ஒருவர், எந்த மாநிலத்தவரானாலும் சரி, ஆடி மாசத்தில் ஒரு நாள் வர வேண்டும். முப்பந்தலிலிருந்து தோவாளை வரை பின்னால் உட்காரவைத்து நானே கூட்டிப்போகிறேன். விதிப்படி கைப்பிடி இருக்கிறது, சேலை கார்டும் கழற்றாமல் இருக்கிறது. தோவாளையில் இறங்கியதும் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கித் தருவேன். வரும்போது கண்ணுக்குக் கண்ணாடி கொண்டுவரவும், மண் அடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கோட்டுக்கு 61 மில்லி அப்பால் வசிக்கும்,
ஆரல்வாய்மொழிக்காரன்.