‘பி’ வரிசை: விமான் நகர் பதிப்பு

1755-இல் ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், ஓட்ஸுக்குப் பொருள் சொல்கிற சாக்கில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுவதாக ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். அந்தக் காலத்து அகராதிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். அவர் வழியில், புனே விமான் நகரில் புழங்கும் சில ‘பி’ சொற்கள்:

பி.ஜி.: பெ. மேற்படிப்பு அன்று. மூன்று கட்டில், ஒரு ஜன்னல் கொண்ட அறை. சப்பாத்தி நிச்சயம், சாம்பார் உத்தேசம்.

பார்க்கிங்: பெ. ‘கூடாது’ என்று பலகை வைத்த இடத்தில் தவறாமல் நடைபெறுவது.

பேக்கேஜ்: பெ. ஊரில் மாமா நலம் விசாரிக்குமுன் விசாரிப்பது. பெண் வீட்டாரிடம் ஒரு தொகை, கடன் கேட்கும் மச்சானிடம் வேறு தொகை.

பிக்-அப்: பெ. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதற்கான தண்டனை. சொந்தக்காரர்களின் விமானம் பெரும்பாலும் நள்ளிரவில்தான் இறங்கும்.

பிராஜெக்ட்: பெ. வெள்ளிக்கிழமை முடிந்து திங்கட்கிழமை மறுபடி தொடங்குவது.

இதே புனேயில், டெக்கான் கல்லூரியார் 1948-இல் சமஸ்கிருதப் பேரகராதி வேலையைத் தொடங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்தும் ‘அ’வைத் தாண்டவில்லை. சிரிக்காதீர்கள். அவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிக் குறிப்புச் சீட்டு எழுதிவைத்துவிட்டுத்தான் ‘அ’வில் நிற்கிறார்கள். ஒரு சீட்டும் எழுதாமல் ‘பி’க்குத் தாவியவர்களுக்கு அவர்களைக் கேலி பேசத் தகுதி இல்லை.