படத்துக்கு முன்பே தீர்ப்பு

சூப்பர்ஹீரோ பட ரசிகர்களில் ஒரு வகையினர் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குபவர்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இங்கே அவர்களைப் பற்றிப் பேச்சுமில்லை. இன்னொரு வகையினர் இயக்குநரைக் கண்காணிப்பவர்கள். பேட்மேனும் சூப்பர்மேனும் சட்டப்படி ஸ்டுடியோவின் சொத்தாக இருக்கலாம். இயக்குநர் இரண்டு மூன்று வருடம் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். ஆனால் பட்டா தன் பெயரில்தான் இருக்கிறது என்பதில் இந்த ரசிகருக்குச் சந்தேகமே கிடையாது. ஆகவே படம் வருமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும். தியேட்டருக்குப் போவதெல்லாம் சாட்சி விசாரணைக்காக.

முதல் ஆட்சேபம் நடிகர் பெயர் அறிவிக்கப்பட்ட அன்றே கிளம்பும். 1988இல் டிம் பர்டன் தன் பேட்மேனாக மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, சிரிப்பு நடிகருக்கு முகமூடியா என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 50,000 கண்டனக் கடிதங்கள் போனதாகச் சொல்வார்கள். மின்னஞ்சல் வராத காலம். ஒவ்வொன்றுக்கும் உறை வாங்கி, தபால் தலை ஒட்டி அனுப்பிய கோபம் அது. மறு வருடம் படம் வந்தது. கீட்டனைப் போல ஒரு பேட்மேன் இனிப் பிறந்துதான் வரவேண்டும் என்று இன்றைக்கு உருகுபவர் அதே ரசிகர்தான். 2006இல் கிறிஸ்டோபர் நோலன் ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜரை அறிவித்தபோது, காதல் படத்துப் பையன் இதற்கு லாயக்கா என்று இந்த ரசிகர் கேட்டார். லெட்ஜர் இறந்த பிறகு 2009இல் அந்த வேடத்துக்கே ஆஸ்கர் வந்தது. 2013இல் பென் அஃப்லெக்கைத் துரத்த மனு, 2019இல் ராபர்ட் பாட்டின்சனைத் துரத்த மனு. காமிக்ஸில் ஐந்தே கால் அடியான வுல்வரின் வேடத்தில் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஹ்யூ ஜாக்மன் நடிப்பதா என்று 2000இல் குறைப்பட்டவரும், அந்த வேடத்தை வேறு எவனும் தொடக்கூடாது என்று இப்போது அடித்துப் பேசுபவரும் ஒருவரே. இத்தனை அனுபவத்திலிருந்து அவர் கற்றது ஒன்றுமில்லை.

அடுத்தது இயக்குநர். அவரை இந்த ரசிகர் அளக்கும் முதல் அளவுகோல் வெளிச்சம். பர்டனின் இரண்டாவது பேட்மேன் படம் 1992இல் வந்தபோது, குழந்தைகளோடு பார்க்க முடியாத அளவுக்கு இருட்டு என்று புகார் கிளம்பியது. ஸ்டுடியோ பயந்து ஜோயல் ஷூமேக்கரைக் கொண்டுவந்தது. அவர் விளக்கு போட்டார். அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார். 1997இல் வந்த ‘பேட்மேன் & ராபின்’ படத்தில் கவச உடையின் மார்பில் காம்புகள் இருந்ததை இந்த ரசிகர் தன் வாழ்நாளின் பெரிய அவமானமாகக் கருதுகிறார். அதன்பின் எட்டு வருடம் பேட்மேன் படமே வரவில்லை. ஷூமேக்கர் பின்னாளில் பேட்டியில் மன்னிப்புக் கேட்டார். நாயகன் ஜார்ஜ் க்ளூனி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரசிகர் ஏற்றுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

2005இல் வந்த நோலனுக்கு மட்டும் குற்றப்பத்திரிகை கிடையாது. அவருடைய மூன்றாவது பேட்மேன் படத்தில் முகமூடிக்குள்ளிருந்து வில்லன் பேன் பேசுவது பாதி சனங்களுக்குப் புரியவில்லை; இவருக்கு முதல் தடவையிலேயே ஒரு சொல் விடாமல் புரிந்ததாம். 2012இல் அந்தப் படத்தைக் குறைசொல்லி விமர்சனங்கள் வந்தபோது வசையும் மிரட்டலும் குவிய, விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் அவற்றின் கீழே கருத்துச் சொல்வதையே நிறுத்திவைத்தது. மிரட்டியவர்களில் பலரும் படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அன்றைக்குப் படமே வெளியாகவில்லை. 2016இல் ‘சூசைட் ஸ்குவாட்’ வாங்கிய மதிப்பெண்ணுக்காக அந்தத் தளத்தையே மூடச் சொல்லி ஒரு மனு சுற்றியது. படத்தை எடுத்த வார்னர் நிறுவனத்துக்கே அந்தத் தளத்தில் பங்கு இருந்தது என்பது மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை உறுத்தவில்லை.

ஓர் இயக்குநரை மகானாக்க எளிய வழி, அவருக்கு அடுத்து இன்னொருவரை நியமிப்பதுதான். ‘ஸ்பைடர்மேன் 3’ படத்தில் பீட்டர் பார்க்கர் தெருவில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்து 2007இல் சாம் ரெய்மியைக் கழுவி ஊற்றியவர்கள், 2021இல் அவருடைய பழைய ஸ்பைடர்மேன் திரையில் தலைகாட்டியதும் மூக்கைச் சிந்தினார்கள்.

இந்த ரசிகரின் ஞானம் முழுமையாக வெளிப்படுவது, கண்ணால் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசும்போதுதான். அவரைப் பொறுத்தவரை வெளியான படம் ஸ்டுடியோவின் சதி. நல்ல படம் எங்கோ பெட்டிக்குள் கிடக்கிறது. இது புதிய நம்பிக்கையல்ல. 1980இன் ‘சூப்பர்மேன் 2’ படத்திலிருந்து பாதியில் விலக்கப்பட்ட ரிச்சர்ட் டோனரின் வடிவத்துக்காக 2006 வரை காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் இதைப் போராட்டமாக்கிய பெருமை ஜாக் ஸ்னைடரின் பக்தர்களுக்கே. மகளைப் பறிகொடுத்த ஸ்னைடர் 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ வேலையிலிருந்து விலக, ஜாஸ் வீடன் முடித்துக் கொடுத்தார். 120 நிமிடத்துக்கு நறுக்கப்பட்ட படம் வந்தது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக வளர்த்த மீசையை மழிக்க முடியாமல் கணினியில் அழித்திருந்தார்கள். அந்த மேலுதடு தனியாக ஒரு பாத்திரம் போல நடித்தது. ரசிகர்கள் ஸ்னைடரின் வடிவத்தைக் கேட்டுக் கொதித்தார்கள். சான் டியேகோ காமிக்-கான் விழாவின்போது வானத்தில் விமானம் கட்டி இழுத்த பதாகை, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை என்று கைக்காசு பறந்தது. கூடவே தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கும் நிதி திரட்டினார்கள். இதில் கேலிக்கு இடமில்லை, மெச்ச வேண்டியது.

2021 மார்ச் 18 அன்று ஸ்னைடரின் வடிவம் வெளியானது: 242 நிமிடம், பழைய டிவி போலச் சதுரத் திரை. படம் முன்னதைவிட மேல் என்பது உண்மை. நான்கு மணி நேரம் பார்த்து எழுந்த ரசிகர் கேட்டது, அடுத்த பாகம் எங்கே என்று. இன்னொரு கோஷ்டி டேவிட் அயரின் ‘சூசைட் ஸ்குவாட்’ மூலவடிவத்தைத் தோண்டக் கிளம்பிற்று. நான்கு மணி நேரம் உட்கார்ந்த இதே ரசிகர்தான், மார்வெல் சூப்பர்ஹீரோ படங்கள் சினிமாவே அல்ல என்று 2019இல் சொன்ன மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி ஐரிஷ்மேன்’ படத்தை, 209 நிமிடம் யார் உட்காருவது என்று தள்ளிவிட்டவர்.

கோஷ்டி மாறினால் இயக்குநரின் சாதியும் மாறும். 2018இல் பழைய ட்வீட்களுக்காக டிஸ்னி நீக்கிய ஜேம்ஸ் கன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லி இவர்களில் பலர் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். 2022இல் கன், பேட்மேன், சூப்பர்மேன் படங்களுக்குப் பொறுப்பான டிசி ஸ்டுடியோஸ் தலைமைக்கு வந்து ஸ்னைடரின் உலகத்தை மூட்டைகட்டியதும் துரோகி ஆனார். ஸ்னைடரின் முதல் படமான ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்கு 2004இல் திரைக்கதை எழுதியதே கன்தான். கோஷ்டிச் சண்டையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். 2013இல் சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியை ஸ்னைடர் எடுத்துவிட்டார் என்று புகார். கன் அதைத் திரும்ப மாட்டிவிட்டதற்கும் புகார்.

ஸ்டுடியோக்கள் இதற்கெல்லாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. மாப்பிள்ளை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு முதல் பந்தியில் இடம் பிடிக்கும் சித்தப்பாவைப் போல, எத்தனை திட்டினாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு இவர் ஆஜராகிவிடுவார். எல்லாரும் திட்டித் தீர்த்த அந்த ‘ஸ்பைடர்மேன் 3’தான் ரெய்மியின் மூன்று ஸ்பைடர்மேன் படங்களிலும் அதிகம் வசூலித்தது.