தோலர்

என் ஆபீஸ் சிநேகிதர் ஒருவருக்கு எங்கள் வீட்டில் தோலர் என்று பெயர். தோழரைத் தப்பாக எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். மனிதர் மூச்சுவிடுவதே தோல் வாசனையில்தான். அதிலும் கண்ட தோல் ஆகாது. 1931-இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தன் விமானிகளுக்கென்று தேர்ந்தெடுத்த ஏ-2 என்ற ஜாக்கெட்டின் தோலாக இருக்க வேண்டும். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் போட்டுக்கொண்டு வருவாரே, அதுதான்.

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்து டேட்டன். ரைட் சகோதரர்களின் ஊர். விமானிகளின் உடுப்பைச் சோதித்துப் பார்த்து நம்பர் போட்ட ரைட் ஃபீல்டும் இங்கேதான். ஊர்த் தண்ணி அப்படி. மற்றபடி தோலருக்கும் விமானத்துக்கும் உள்ள சம்பந்தம், வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளோரிடாவில் மாமியார் வீட்டுக்குப் போவது. அதுவும் நடு சீட்.

அசல் ஏ-2 வாங்கிக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் எண்பது வயதுத் தோல். கையைத் தூக்கினால் முதுகு கிழியும். அச்சு அசலாகச் செய்து தருகிறவர்கள் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். ஈஸ்ட்மன், ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் என்று அந்தப் பெயர்களைத் தோலர் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். தோலரோ கணக்கு எழுதும் மாதச் சம்பளக்காரர். அவருக்கு வேண்டியது, முந்நூறு டாலரில் ஓர் ஆயிரம் டாலர் ஜாக்கெட்.

பார்சல் வந்தால் எனக்குப் போன் வரும். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். போன மாதம் வந்ததை அவர் பிரித்த அழகைச் சொல்கிறேன். முதலில் போட்டுப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ஆடு" என்றார். குதிரையாக இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் அந்தக் குரலில் தெரிந்தது. பிறகு காலர் நுனியை, சந்தையில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்ப்பது போல மடித்துப் பார்த்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். ஒரே துண்டு. முகம் மலர்ந்தது. மலிவுச் சரக்கில் முதுகை இரண்டு மூன்று துண்டாக ஒட்டுப் போட்டிருப்பார்கள். பெரிய தோல் விலை அதிகம் இல்லையா? பையின் பக்கவாட்டில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அதற்கும் சந்தோஷம். அந்தக் காலத்து ராணுவத்தில் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பது மரியாதைக் குறைவு. அதனால் ஏ-2வின் பைகளுக்கு மேல்மூடியும் பிரஸ் பட்டனும் உண்டு, குளிருக்குக் கை வைக்க இடம் கிடையாது. பனியில் விரல் விறைத்துப்போகும் ஜாக்கெட் கிடைத்ததற்காக ஒரு மனிதர் சந்தோஷப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் இன்ச் டேப்பை எடுத்தார். இடது பை வலது பையைவிடக் கால் அங்குலம் இறங்கியிருந்தது. போயிற்று. அன்று சாயங்காலம் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். "என் சிநேகிதர் ஜாக்கெட் வாங்கினாரும்மா. இதோட ஆறு. ஒண்ணும் சரியா அமையலை."

"பொண்டாட்டிக்காடா?"

"இல்லம்மா, அவருக்குத்தான்."

மறுமுனையில் சத்தத்தையே காணோம். ரவிக்கை இல்லை, குளிருக்குப் போடுகிற தோல் கோட்டு என்று விளக்கிய பிறகு அம்மா நிதானமாகக் கேட்டாள்: "அளவு ஜாக்கெட் குடுத்தாராடா?"

சிரித்துவிட்டேனே தவிர, கேள்வி சரியான கேள்வி. இந்த வியாபாரத்தில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான். சைஸ் நாற்பத்திரண்டு என்று போட்டிருப்பதை நம்பாதே; உனக்கு ஒழுங்காகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட்டைத் தரையில் விரித்துப்போட்டு, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், காலர் அடியிலிருந்து இடுப்புப் பின்னல் வரை அளந்து, அந்த அளவோடு ஒத்துப் பார். பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டுக்கு எழுதித் தைத்து வாங்குகிறவர்களும் இந்தக் கணக்கைத்தான் அனுப்புகிறார்கள். குரோம்பேட்டையில் எங்கள் தெருத் தையல்காரர் கேட்டதும் இதுவேதான்.

குரோம்பேட்டை என்றதும் ஒரு விஷயம். தோலர் வகையறாவுக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் தோல். அதுதான் தேயத் தேய நிறம் மாறி அழகாகுமாம். குரோம் உப்பில் சீக்கிரமாகப் பதனிட்டது என்றால் முகத்தைச் சுளிப்பார். என் ஊர்ப் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது என்பதை அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சிநேகம் முக்கியம்.

அவரைச் சமாதானப்படுத்த யாராலும் முடியாது. 1988-இல் அமெரிக்க விமானப்படையே ஏ-2வை மறுபடி விமானிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அதைப் போட்ட ஒரு நிஜ விமானி மளிகைக் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார். தோலர் என் காதில், "உடம்பில் தொளதொளவென்று இருக்கிறது பார், சரியே இல்லை" என்றார். விமானம் ஓட்டுகிறவர் போட்டது போலி. கணக்கு எழுதுகிறவர் போட்டது அசல்!

இத்தனைக்கும் அசல் என்பது என்ன? டெண்டர் சரக்கு. ரஃப் வேர், ஏரோ லெதர், டூபோ, பெர்ரி என்று பல கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்து, யுத்த அவசரத்தில் தைத்துத் தள்ளின. ஒருவர் காலர் போல இன்னொருவர் காலர் இருக்காது. ஒரே சட்டையில் கை ஒரு நிறம், மார்பு ஒரு நிறம் என்று வந்ததும் உண்டு. 1943-இல் தோலே வேண்டாம், துணி போதும் என்று ராணுவம் முடிவெடுத்துவிட்டது. அன்றைக்கு அவசரத்தில் விழுந்த கோணல் தையலை, இன்றைக்கு ஜப்பானில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதே கோணலோடு தைத்தால் அதற்கு ஆயிரம் டாலர். முந்நூறு டாலர் ஜாக்கெட்டில் அதே கோணல் தானாக அமைந்தால் அது குறை. இந்த நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை.

தோலரின் மனைவிக்கு வேறொரு கணக்கு. "ஆறு முந்நூறு ஆயிரத்து எண்ணூறு. முதலிலேயே அந்த ஜப்பான்காரனிடம் ஒன்று வாங்கித் தொலைத்திருக்கலாமே?" என்று கேட்டார். தோலர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் அடிக்கடி போவார். விமானங்களை நான்தான் அண்ணாந்து பார்த்தேன். அவர் நேரே யுத்த காலத்து ஜாக்கெட்டுகள் இருக்கும் பக்கம் போனார். முதுகில் பெண் படமும் வரிசை வரிசையாகக் குண்டுப் படமும் எழுதியவை. போய் வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டு. எழுதியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்களோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோலர் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி அளந்துகொண்டிருந்தார். காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எழுந்து என் தோளைப் பிடித்தார். "இடது பை" என்றார். குரல் தழுதழுத்தது. "கால் அங்குலம் இறக்கம்."

வீட்டில் திருப்பி அனுப்ப டேப் ஒட்டி வைத்திருந்த பெட்டியை அன்று ராத்திரியே பிரித்துவிட்டார். மே மாதம், வெளியே நல்ல வெயில். அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்கு வருகிறார்.